உள்ளங்கை அளவு

பள்ளத்தூர் பலகாரக் கொட்டகைக்கு
மிக்ஸி பழுதுபார்க்கப் போனவனிடம்
அடைக்கம்மை ஆச்சி கேட்டது
நெருப்புக்கு ஒரு மணி.
"காரைக்குடிக் கடையில மூவாயிரம் சொல்றான்.
உள்ளே ஏழு சட்டி எண்ணெய் கொதிக்குது.
நீயே ஒண்ணு செஞ்சு குடேன்."

பெரிய வித்தை இல்லை.
துவரம்பருப்பு அளவில் ஒரு தெர்மிஸ்டர்.
குளிரில் கஞ்சன்;
சூடு ஏற ஏறக் கை தளர்ந்து
கரண்டை விட்டுவிடும்.
மூன்று கால் டிரான்சிஸ்டர் ஒன்று,
திருகினால் அளவு மாறும் பிரீசெட்,
ஒன்பது வோல்ட் பேட்டரி, பஸ்ஸர்.
எல்லாம் சேர்ந்து நூற்றுப் பத்து ரூபாய்.
ஈயப் புகைக்கு நான் விலை போடவில்லை.

ஊதுபத்தியை அருகில் பிடித்ததும்
கீயென்று கத்தியது.
கைமுறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த எட்டுப் பேர்
மாவுக் கையோடு எழுந்துவிட்டார்கள்.
ஒன்பதாவது ஆள்
அடுத்த சுற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முத்தழகு.
இரவில் பின்னறையில்
தனியே படுப்பது அவள்தான் என்பதை
அவளுக்குக் காது கேட்காது என்பதை
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
போன மாசியில் பின்தெருப் பந்தல் கிடங்கு
ஊரைக் கூட்டி எரிந்தபோது
தூங்கிக்கொண்டிருந்தாளாம்.
விடிந்து கோலம்போட வந்தவள்
வாசலில் சாம்பலைப் பார்த்து
யார் கொட்டியது என்று கேட்டாளாம்.

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் செத்துக்கிடந்த ஒரு பழைய போனைப் பிளந்தால்
உள்ளே அதிரும் மோட்டார்,
கிராம்பு நீளம்,
கிராம்பு போலவே தலை மட்டும் கனம்.
அதற்கு மூன்று வோல்ட் போதும்,
மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் விழுங்கிக்கொள்ளும்.
எட்டு முழம் வயர் இழுத்து
பின்னறைவரை கொண்டுபோனேன்.
தலையணை உறைக்குள் வைத்து
அவளே தைத்தாள்.

அளவுதான் தகராறு.
சித்திரை. தகரக் கூரை.
பகல் பன்னிரண்டுக்கே அலறியது, வெயிலைப் பார்த்து.
கொஞ்சம் தளர்த்தினேன்.
பிறகு ஊதுபத்தி முழுதும் எரிந்து தீர்ந்தும்
வாய் திறக்கவில்லை.
மல்டிமீட்டர் எண்ணைச் சொன்னது,
எந்த எண்ணில் பயப்படவேண்டும் என்று
சொல்லவில்லை.

முத்தழகு முக்காலியில் ஏறினாள்.
இடது கக்கத்தில் தலையணை.
வலது உள்ளங்கையை
உத்தரத்தில் தெர்மிஸ்டருக்குப் பக்கத்தில் விரித்து
அடுப்பை மூட்டச் சொன்னாள்.
எண்ணெய் காய்ந்தது.
"இது அதிரசம்" என்றாள்,
தனக்கே கேட்காத குரலில், சற்று உரக்க.
தீயைக் கூட்டினார்கள்.
"இது சீடை."
ஏழு அடுப்பும் எரிந்தன.
வியர்வை முழங்கையில் சொட்டியது.
"இன்னும் அடுப்படிதான்."

கீழே ஒருத்தி
காய்ந்த பன்னாடையைக் கொளுத்தி உயர்த்தினாள்.
கொஞ்ச நேரம்.
கை வெடுக்கென்று பின்வாங்கியது.
"இது நெருப்பு."
அந்த இடத்தில் திருகை நிறுத்தினேன்.
கக்கத்தில் தலையணை நடுங்கியது.
எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்,
அவள் தலையணையை இறுக்கிக்கொண்டாள்.

திருகு நகராமலிருக்க
முறுக்குக்காரி ஒருத்தியின் நகப்பூச்சில் ஒரு சொட்டு.
அளவு அப்படியே காய்ந்தது.

வைகாசி கழிந்து ஒருநாள்
ராத்திரி பத்தரைக்கு ஆச்சியின் போன்.
"பேட்டரி போயிருச்சுப்பா."
"எப்படித் தெரியும்?"
"தினம் படுக்கப்போறப்ப முக்காலியில ஏறி
ஒரு தீக்குச்சி உரசிக் காட்டுவா.
தலகாணி ஆடினாத்தான் படுப்பா.
இன்னிக்கு ஆடலை."

கடையைத் திரும்பத் திறந்து
புது பேட்டரியோடு
பைக்கை உதைத்தேன்.
நான் வரும்வரை
உட்கார்ந்தே இருக்கிறாளாம்.